நாலாவது காலுக்கு அடியில் இருந்த ரப்பர்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் துணி காயாத கவலை இருக்காது. இங்கே தேவிகுளத்தில் மழை பிடித்து மூன்று வாரம் ஆகிறது. உங்கள் தங்கச்சி மேரி, கொழுந்து பறித்து வீங்கிய மணிக்கட்டோடு போர்வைகளைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் நீங்கள் பொருத்திக் கொடுத்த வாஷிங் மெஷின் இருந்தும்தான்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த வாரமே அது சத்தம் போட ஆரம்பித்தது. துவைக்கும்போது பேசாமல் இருக்கும். பிழியச் சுற்றும்போது மட்டும் தடதடவென்று லயத்து வீட்டு வரிசையே அதிரும். மேரி சுவிட்சை அணைத்துவிட்டாள். "அண்ணன் இல்லேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அழுவுது. யாரும் தொடவேணாம்." மெக்கானிக்கைக் கூப்பிடவும் விடவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கிற மகள் போனில் சொன்னாள்: "அம்மா கையக் கெடுத்துக்கப் போறாங்கப்பா. நீங்களாவது என்னன்னு பாருங்க." அந்த 'நீங்களாவது'வில் என் மரியாதை எவ்வளவு என்று தெரிந்தது.

நீங்கள் தேயிலை பேக்டரியில் பிட்டர். நான் எட்டாவதோடு நின்றவன். மேரி வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். பெல்ட் நன்றாக இருந்தது. அதற்கு மேல் எதைப் பார்ப்பது என்று தெரியாததால் மூடிவிட்டேன். டிரம்மைக் கையால் சுற்றினேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு பிழிய விட்டு, நீங்கள் செய்கிற மாதிரி ஸ்குரு டிரைவர் நுனியைத் தகட்டிலும் பிடியைக் காதிலும் வைத்தேன். பேரிங் உறுமுகிறதா என்று கேட்கத்தான். மெஷின் குதித்ததில் பிடி காதில் இடித்தது. நீங்கள் எப்படித்தான் கேட்டீர்களோ?

அணைத்துவிட்டு, அலுத்துப்போய் அதன்மேல் கையை ஊன்றினேன். ஆடியது. குனிந்து டார்ச் அடித்தால், பின்மூலையில் ஒரு கால் தரையைத் தொடவே இல்லை. தண்ணீர் வடியச் சாய்த்துப் போட்ட தரை அல்லவா? அங்கே முட்டுக் கொடுக்க பேக்டரி பெல்ட்டின் ரப்பரை அறுத்து வைத்தீர்களே, அது எங்கே?

வாசலில் இருந்தது மச்சான். கதவுக்கு அடியில்.

உங்களை முன் அறையில் கிடத்தியிருந்த அன்று, காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. வருகிறவர்கள் மேல் படக்கூடாதே என்று, கைக்குக் கிடைத்ததை உருவி வந்து செருகினேன். எங்கிருந்து உருவினேன் என்பதை அன்றே மறந்தாயிற்று. அதற்கப்புறம் தினமும் அதைக் காலால் தள்ளியிருக்கிறேன்.

ரப்பரைத் திரும்ப வைத்துப் பிழிய விட்டேன். உர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெற்றிக் களிப்பில் நிற்கும்போது மேரி வந்தாள். கூடையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"அதுவும் அண்ணன மறந்துருச்சா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்றிருந்தவன் எல்லாவற்றையும் சொன்னேன். "மறக்கல மேரி. ஒங்கண்ணன் வச்ச ரப்பர்லதான் நிக்குது. உருவுனது நானு."

கூடையை இறக்கி வைத்தாள். "அண்ணன் அப்பவே சொல்லுச்சு, மாப்ள கைல எதயும் குடுத்துராதட்டின்னு."

அப்படியா சொன்னீர்கள்? என் எதிரில் கெட்டிக்காரர் என்றுதானே சொல்வீர்கள்?

அவள் குனிந்து அந்த ரப்பரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு வாளியில் ஊறிய போர்வைகளை மெஷினில் போட்டாள்.

கதவுக்கு இப்போது ஒரு கல் வைத்திருக்கிறேன். யார் வந்தாலும், எந்தக் காற்று அடித்தாலும் அந்த ரப்பரை இனி உருவமாட்டேன் மச்சான். உங்கள் தங்கச்சியைப் போர்வை கசக்க விடவும் மாட்டேன்.

கையில் எதையும் கொடுக்கக் கூடாத,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்
ஞானராசு