ஏழு மாடி இறங்குவதற்குள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே நீ காய்ச்சல், சளி இல்லாமல், கொசுவலைக்குள் நல்லபடியாகத் தூங்கி எழவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் முகாமில் போன் எடுக்காதாம், சாமான் கொண்டுபோகும் ஜீப்பில் கொடுத்தால் கடிதம் சேருமாம், உன் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். அதனால்தான் பேனாவைத் தொட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் கையெழுத்து, மையில் விழுந்த எறும்பு நடந்ததுபோல்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

உங்கள் காட்டுப் படம் எங்கள் கட்டடத்து ஏழாவது மாடித் தியேட்டரில்தான் ஓடுகிறது. நான் இன்னும் படம் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவர்கள் அத்தனை பேரையும் பார்த்துவிட்டேன். லிஃப்ட் ஆபரேட்டருக்கு அதுதான் விதி, ஆட்டம் முடிந்து கதவு மூடியதும் ஏழு மாடிக்கும் விமர்சனம் நடக்கும், நான் எழுந்து போகவா முடியும், முக்காலியில் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆகவேண்டும். சிங்கம் வரும்னு புள்ளைங்கள கூட்டிட்டு வந்தா எருமையையே காட்டுறாங்க என்று ஒருவர் சலித்துக்கொண்டார். ஏசி அருமை, ரெண்டு மணி நேரம் நல்ல தூக்கம் என்று இன்னொருவர். அந்த வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிழவர் என் லிஃப்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார், அதையும் சொல்லவேண்டும். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு வாயில் வருவது அந்தக் காட்டெருமைக் கன்றுதான். சேற்றில் புதைந்து கத்துகிறதாம், தாய் சுற்றிச் சுற்றி வருகிறதாம், படம் எடுத்தவர் ஒன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டே இருக்கிறாராம். ஒரு கை குடுத்து இழுக்கக் கூடாதா, இதெல்லாம் மனுஷ ஜென்மமா என்று கேட்கிறார்கள். எடுத்தது நீ என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. நாலு அடிக்கு நாலு அடிப் பெட்டிக்குள், அவர்கள் மூச்சு என் பிடரியில் படுகிற தூரத்தில், பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் தாள் தீர்ந்துவிடும். முதல் நாள் காலையில் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் காட்டினார்கள். அவர்கள் வாயால் நல்ல வார்த்தை வந்ததும் என் மகள் எடுத்த படம் என்று கட்டடம் முழுக்கச் சொல்லலாம் என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். தடிக் கண்ணாடி போட்ட ஒருவர் தனியாக இறங்கினார். முகம் கடுகடு. பெரியவரே, ஒரு உசுரு துடிக்குது, அத அழகா படம் புடிச்சிருக்காங்க, நெஞ்சுல கல்ல வச்சிருந்தாத்தான் முடியும், இல்லையா என்றார். உனக்குத்தான் என் தொழில் வியாதி தெரியுமே. இருபத்திரண்டு வருஷமாக, வெக்கை தாங்கலை என்பவருக்கும் ஆமாம், குளிருது என்பவருக்கும் அடுத்த மாடியிலேயே ஆமாம். கை தானாகப் பொத்தானை அழுத்தும், வாய் தானாக ஆமாம் போடும். ஆமா சார், கல்லுதான் சார் என்று சொல்லிவிட்டேன். போதாததற்கு, பெத்தவங்க வளத்த லட்சணம் சார் என்று ஒரு வரி சேர்த்தும் விட்டேன். அவர் அதை அப்படியே பத்திரிகை விமர்சனத்தில் கடைசி வரியாகப் போட்டுவிட்டார். அந்தத் தியேட்டரின் லிஃப்ட் ஆபரேட்டரே சொன்னார் என்று. நீ அதைப் படித்திருப்பாய். அந்தத் தியேட்டருக்கு எத்தனை லிஃப்ட், காலையில் அதில் யார் என்றும் உனக்குத் தெரியும். அது வெளிவந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் உன் போன் இல்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று, முகாமுக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பியதோடு சரி.

அம்மாவும் அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டாள். எவன்யா அவன் உங்க பில்டிங்குல, மத்தியான ஷிப்ட்டுக்காரனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பார், அங்கேயும் ஆமாம். அதிலிருந்து அவன் பெண்டாட்டி காய்கறிக் கடையில் எதிரே வந்து சிரித்தால் உன் அம்மா தேங்காயைத் தட்டிப் பார்க்கிறாள். வீட்டிலும் வாயைத் திறக்க முடியவில்லை, லிஃப்டிலும் முடியவில்லை. நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன், சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

அந்தக் கண்ணாடிக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டியது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தோன்றியது, எனக்கு எல்லாமே அப்படித்தான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே அழுகிறவரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுக்கிற நேரத்தில் பெட்டி நகர்ந்தால் ஆளே போய்விடும். மெக்கானிக் வருகிறவரைக்கும் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டும். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாள், பல் டாக்டரிடம் வந்தவர், நாற்பது நிமிஷம் என் பரம்பரையையே திட்டினார், நான் இழுக்கவில்லை. கிட்ட போனால் தாய் மிரண்டு ஓடிவிடும், திரும்பி வராது என்று நீ ஒருமுறை சொன்னாயே, அது எனக்கா புரியாது? புரிந்தவன்தான் சொன்னேன், அதுதான் கொடுமை.

வியாழக்கிழமை காலை ஆட்டம் முடிந்து லிஃப்டில் ஒன்பது பேர். மூன்றாவது மாடித் தையல் கடை அம்மாளும் இருந்தார், பதினைந்து வருஷப் பழக்கம். இத எடுத்தவளுக்கு அப்பன் ஆத்தா இல்லையா என்றார். நான் சொன்னேன், இருக்காங்கம்மா, அப்பன் நான்தான். இதைத் தரைக்கு வந்து கதவு திறந்ததும் சொல்லியிருந்தால் அவரவர் போயிருப்பார்கள். நான் சொன்னது ஏழாவது மாடியில், அப்போதுதான் கதவு மூடியிருந்தது. விசிறி ஓடுகிற சத்தம் மட்டும். இந்தப் பழைய லிஃப்ட் இவ்வளவு மெதுவாக இறங்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கீழே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், அந்த அம்மாள் மட்டும் நின்றார். படத்தில் சொல்லாததை, கன்றுக்குட்டி பிழைத்ததா என்று கேட்பார் என்று நினைத்தேன். பொண்ணு இப்ப எப்படிண்ணே இருக்கு என்று கேட்டார். நல்லா இருக்கா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. தெரியலம்மா என்றேன்.

கேமராவைக் கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம், என் வாய்க்காக மட்டும் கொடுத்துவிடாதே. அந்த ஒன்பது நிமிஷமும் நீ எப்படி நின்றாய் என்று நான் கேட்கவே இல்லை, இப்போது கேட்கிறேன். நல்லா இருக்கேன் என்றுதான் எழுத வேண்டும் என்று இல்லை, உள்ளதை எழுது. நீ நூறு வருஷம் நிறைவாக வாழவேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் இருக்கிறது, கோபம் என் மேல்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, ஈரச் சாக்ஸோடு படுக்காதே. முக்கியமாக, ஜீப் திரும்பும்போது ஒரு வரியாவது கொடுத்தனுப்பு. தையல் கடை அம்மாள் தினமும் காலையில் என் லிஃப்டில்தான் ஏறுகிறார், ஒன்றும் கேட்பதில்லை, மூன்றாவது மாடி வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறார்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த லட்சணத்துக்குப் பொறுப்பான
அப்பா