சின்ன எல்லும் ஒன்றும்

சேசு மரி சூசை துணை

ஈசூன், சிங்கப்பூர்,
20 அக்டோபர் 1985

எங்கள் ஒரே அன்பு மகள் உர்சுலாவுக்கு அம்மா ஆசீர் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, மழை வருவதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறதாம், அதனால் ரேடியோவில் வானிலை கேட்பதையே நிறுத்திவிட்டார். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுத ஆசைதான், ஆனால் நேற்று வந்த உன் கடிதத்தைப் படித்த பிறகு கை வரவில்லை. கம்ப்யூட்டர் பரீட்சையில் தோற்றுவிட்டேன், தாளில் எழுதிக் காட்டினால் சரி என்கிறார்கள், அதையே மிஷினில் அடித்தால் தப்பு தப்பு என்கிறது, இது எனக்கு வராது, கிறிஸ்துமஸுக்கு வந்தால் திரும்பி அமெரிக்கா போகமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா அதை இரண்டு தரம் படித்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உனக்குத் தெரியும்.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சேதி, சிரிக்காதே, நானும் கம்ப்யூட்டர் படிக்கிறேன். பாஸ் பண்ணிய பிறகு சொல்லலாம் என்று மறைத்து வைத்திருந்தேன். ஜனவரியில் எங்கள் ஆபீஸில் டைப்ரைட்டரையெல்லாம் தூக்கிவிட்டு கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்கள், கற்றுக்கொள்ளாதவர்கள் வாசலில் உட்கார்ந்து போன் எடுக்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் டைப் அடித்த விரல் போன் எடுக்கவா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிலிகி ரோட்டில் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். வாத்தியார் நூருல் அமீன் என்று ஒரு தம்பி, உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வகுப்பில் எல்லாரும் சின்னஞ்சிறுசுகள், நான் ஒருத்திதான் சேலை.

மிஷினுக்குக் கட்டளை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பத்து, இருபது என்று ஓர் எண் போட வேண்டும் என்றார். இதென்ன பெரிய வித்தை என்று மற்றவர்களுக்கு முன்னால் நான்தான் அடித்து முடித்தேன். உடனே சின்டாக்ஸ் எரர், எழுதிய முறை தப்பு என்று முகத்தில் அடித்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே. பக்கத்துப் பையனின் திரையைப் பார்த்தேன், என்னுடையதைப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை, அவனுக்கு ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், சின் டாக்ஸா, பாவத்துக்கு வரி போடுதா உன் மிஷினு, இனிமே பாவசங்கீர்த்தனத்துக்கு யாரு போவா, ஃபாதர் பாடு திண்டாட்டம்தான் என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வகுப்பிலும் இதே கதை, யாரையும் கேட்கவும் வெட்கம், பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டுக்கூட வந்தேன். கடைசியில் அந்தத் தம்பியே பின்னால் வந்து நின்று என் விரலைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, நீங்க அடிக்கிறது நம்பர் இல்ல லா, அது எல்லு என்றார்.

உனக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். நம் வீட்டு டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கட்டை கிடையாது. இங்கிலீஷ் சின்ன எல் எழுத்தைத் தட்டினால் அதுதான் ஒன்று. நான் கற்றதும் அப்படி, என் கடிதங்கள் போனதும் அப்படி, எந்தத் துரையும் குறை சொன்னதில்லை. கம்ப்யூட்டருக்கு எல் வேறு, ஒன்று வேறாம். மேல் வரிசையில் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது, என் கண் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ டைப் கற்றது யாரிடம்? அதே டைப்ரைட்டரில், என்னிடம்தானே? தாளில் எழுதினால் சரி, அடித்தால் தப்பு என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போய் உன் விரலைப் பார் மகளே. அதுவாக இல்லாவிட்டாலும் போகட்டும், வேறு ஏதாவது சின்னப் பிழையாக இருக்கும், வாத்தியாரைப் பக்கத்தில் நிற்க வைத்து அவர் கண் முன்னால் அடித்துக் காட்டு. என்னைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதே.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ திரும்பி வந்துவிடுகிறேன் என்றதும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மேல்மாடி சரஸ்வதி தீபாவளிக்குத் தேக்காவில் சேலை எடுக்கக் கூப்பிட்டபோது, உர்சுலா வருது என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். பிறகு யோசித்தால் பயமாக இருக்கிறது, அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கத்தால் பிள்ளை படிப்பை விட்டது என்று ஆகிவிடக் கூடாது. அதனால் கிறிஸ்துமஸுக்கு வா, கறியும் கேக்கும் செய்து வைக்கிறேன், ஆனால் திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வா. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், எங்கள் ஆசீர் எப்போதும் உனக்கு உண்டு.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன், மறக்காமல் பார். என் மிஷின் முதல்முதலாக அச்சடித்தது, உன் பெயர்தான், தாள் முழுக்க வரிசையாக. உற்றுப் பார்த்தால் பெயரில் எல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருக்கும். மிஷினிடம் திட்டு வாங்கிய பயத்தில் எல்லா இடத்திலும் ஒன்றையே தட்டிவிட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், நேற்றிலிருந்து பேசாதவர் அப்போதுதான் வாய் திறந்தார், இருக்கறதே ஒன்னு, அதைப் பேருக்குள்ளயே போட்டுட்டியா என்றார். எனக்குத் திருத்தத் தெரியும், திருத்தவில்லை.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
அல்போன்சம்மாள் மரியஅந்தோணி