நீங்கு என்று நினைத்து

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கணினியைத் திறந்தால் என் வலைப்பூவின் முகமே மாறியிருக்கிறது. "புதிய தோற்றம்! இன்னும் எளிது!" என்று மேலே ஒரு நீலப் பட்டை. யாருக்கு எளிது என்று சொல்லவில்லை. நேற்றுவரை பேனா படத்தைத் தொட்டால் எழுதலாம். இன்று பேனாவைக் காணோம். ஒரு கூட்டல் குறிதான் இருக்கிறது. தொட்டால் அது சாய்ந்து பெருக்கல் குறியாகி, கீழே ஐந்து படங்களை உதிர்க்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டுத் திரும்பினால் யாரோ அடுப்பைக் குளியலறைக்கு மாற்றிவைத்து, "இனிமேல் சமையல் சுலபம்" என்று சீட்டு ஒட்டியிருப்பதுபோல.

ஒரே ஒரு நல்ல செய்தி: பொத்தான்களை இனிமேல் தமிழிலும் வைத்துக்கொள்ளலாமாம். உடனே மாற்றிவிட்டேன். மகள் தொலைபேசியில் சிரித்தாள்.

"இங்கிலீஷ்லயே விட்டுடும்மா. மெஷின் மொழிபெயர்த்த தமிழ் அது. எங்கயாவது மாட்டிப்ப."

"காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவகிட்ட வந்து, தமிழ்ல மாட்டிப்பன்னு சொல்றியா?"

"நீ கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்ட. நான் வைக்கிறேன்."

மார்ச் 5, புதன்

ஒட்டிய பத்திகளுக்கு நடுவே எல்லாம் அகழி வெட்டிவைக்கிறது இந்தப் புதிய பெட்டி. இடைவெளியைக் குறைக்கவே அரை நாள் போயிற்று.

மார்ச் 6, வியாழன்

இன்றைய பாடம் தன்வினை, பிறவினை. பள்ளியில் இதற்கு வைத்திருந்த உதாரணத்தையே போட்டேன். பையன் திருந்தினான், தன்வினை. வாத்தியார் பையனைத் திருத்தினார், பிறவினை. தானாக நடந்தால் மெல்லினம். நடத்திவைக்க ஆள் இருந்தால் வல்லினம். ஆள் வந்தாலே கொஞ்சம் வன்மை வந்துவிடுகிறது, கவனியுங்கள் என்று முடித்திருந்தேன்.

முதல் பின்னூட்டம், வழக்கம்போல, எதிர்ப்பதம். எங்கோ மருந்துக்கடை வைத்திருப்பவர். நான் எதைச் சொன்னாலும் மறுப்பதால் நான் வைத்த பட்டப்பெயர் அது. பிடித்துப்போய் அதையே பெயராகப் போட்டுக்கொண்டார். இன்று எழுதியது: "எந்தப் பையனை எந்த வாத்தியார் திருத்தியிருக்கிறார்? திருந்தினால்தான் உண்டு. பிறவினை என்பதே ஆசிரியர்களின் கற்பனை."

வரவேண்டிய இன்னொன்றைக் காணோம். இரவுப்பணி முடிந்து பேருந்தில் போகும்போது படிக்கிற நர்ஸ் ஒருத்தி உண்டு. அவள் எழுதாமல் இருக்கமாட்டாளே என்று தேடினால், குப்பைப் பின்னூட்டங்கள் என்ற அறையில் பூட்டிவைத்திருக்கிறார்கள்! பக்கத்தில் ஒரு வழுக்கைத்தலை மருந்து விளம்பரம். அவள் எழுதியிருந்தது இது: "டீச்சர், என் வார்டில் 'வலி போயிடுச்சு' என்று சொல்கிறவர்கள் எல்லோரும் தன்வினைக்காரர்கள். ஊசி போட்ட நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஒருவர்கூட 'வலியைப் போக்கினாய்' என்று சொன்னதில்லை."

இதைக் குப்பை என்று சொல்ல அந்த இயந்திரத்துக்கு எவ்வளவு துணிச்சல்! என் பாடம் வெறும் அரிசி. இது சோறு.

மார்ச் 8, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

நர்ஸின் பின்னூட்டம் இனிமேல் குப்பைக்குப் போகாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று அமைப்புகள் பக்கத்துக்குள் போனேன். கடைசிவரை உருட்டிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, வெளியே வந்துவிடலாம் என்று கீழே பார்த்தால் இரண்டு சாம்பல் பொத்தான். நீங்கு என்று ஒன்று. தொட்டேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது. ஆம் என்றேன். வெளியே போகிறதற்கு எத்தனை அனுமதி என்றுகூட நினைத்தேன்.

அது நீங்கு இல்லை. நீக்கு.

வலைப்பூ போய்விட்டது. எல்லாம். மொத்தமாக.

ங்-க்கும் க்-க்கும் நடுவில் ஒரு வளைவுதானே! எறும்புத்தலை அளவு எழுத்து. மெல்லினம் வல்லினம் என்று முந்தாநாள்தானே எழுதினே, கண்ணு எங்க போச்சு? எங்க போச்சு உனக்கு?

இவர் வந்து திரையை எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "தன்வினை தன்னைச் சுடும்னு கேட்டிருக்கேன். உன்னை மட்டும்தான் பிறவினை சுட்டிருக்கு" என்றார்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் திட்டவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். பாடங்கள் போனால் போகட்டும். தலைக்குள் இருக்கின்றன, மறுபடி எழுதிவிடலாம். கீழே அவர்கள் பேசியதை நான் எங்கே போய் எழுதுவது? எதிர்ப்பதத்தின் நிஜப்பெயர்கூட எனக்குத் தெரியாது. நர்ஸ் எந்த ஊர் என்று கேட்டதில்லை. அவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. சந்திக்கிற இடம் அது ஒன்றுதான். கூடத்தை இடித்துவிட்டு, வந்தவர்களுக்கு விலாசமும் சொல்லாமல் விட்டேன்.

மார்ச் 10, திங்கள்

உதவிப் பக்கத்தில் ஓர் உரையாடல் பெட்டி. "உங்கள் உணர்வை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்" என்று நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னது. மூன்று விதமாகக் கேட்டும் அதே பதில். பிறகு சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்றது. ஒன்று போட மனம் வரவில்லை. முயற்சிக்கு இரண்டு போட்டேன்.

அந்தப் பதிலின் அடியில் ஒரு வரி: நீக்கிய வலைப்பூவை இந்த மாத முடிவுவரை மீட்கலாம். பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபியைத் தந்தால் போதும்.

தெய்வமே, இருக்கிறது! என்று கைதட்டினேன். பிறகுதான் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்தேன். என் பழைய நம்பர். மகள் எங்களைத் தன் கைபேசித் திட்டத்தில் சேர்த்தபோது விட்டுவிட்ட நம்பர்.

"அது இந்நேரம் வேற யாருக்காவது போயிருக்கும்" என்றார் இவர்.

"அப்ப அவங்களைத்தான் கேக்கணும்."

மார்ச் 12, புதன்

என்னுடைய நம்பருக்கு நானே போன் செய்தேன். வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்கியம் எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

ஓர் ஆண்குரல். பின்னால் ஏதோ இரும்புச் சத்தம்.

"ஐயா, வணக்கம். இது என்னோட பழைய நம்பர்..."

"இருக்கலாம். இப்ப என்னோடது. சீக்கிரம் சொல்லுங்க, லிப்ட் ரிப்பேர்ல இருக்கேன்."

"உங்களுக்கு ஒரு ஓடிபி வரும். அத மட்டும் எனக்குச் சொன்னீங்கன்னா..."

சத்தம் நின்றது.

"அடேங்கப்பா! இவ்வளவு நல்ல குரல வச்சுக்கிட்டு இந்தப் பொழப்பாம்மா? வேற வேலை கிடைக்கலயா?"

"ஐயோ, நான் டீச்சர்ங்க. ரிட்டயர்டு தமிழ் டீச்சர்."

"போன வாரம் ஒருத்தன் பேங்க் மேனேஜர்னான். நீங்க டீச்சர். அடுத்த வாரம் கலெக்டரே பேசுவாரு போல. எமனே வந்து கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாதுன்னு என் வீட்டம்மா சொல்லியிருக்கு. எமனுக்கே கிடையாதுன்னா உங்களுக்கு எப்படி?"

வைத்துவிட்டார்.

கூச்சத்தில் காது சூடாகிவிட்டது. திருடி என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை.

மார்ச் 13, வியாழன்

பாட நாள். எழுத இடமில்லை.

அந்த லிப்ட்காரர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. தேர்வுக்கு முதல் நாள் வினாத்தாள் இருக்கும் அலமாரிச் சாவியை யாராவது இனிக்க இனிக்கப் பேசிக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா? கேட்டவர் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை. அவர் செய்தது சரி. நூற்றுக்கு நூறு.

சரி என்பதால் என் வயிற்றெரிச்சல் குறைந்துவிடவும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

மகள் வேறொரு சேவையில் புது வலைப்பூ திறந்து கொடுத்தாள். வெள்ளையாக, பளிச்சென்று இருக்கிறது. ஒரு பாடம் எழுதினேன். கீழே "முதல் ஆளாகப் பின்னூட்டம் இடுங்கள்" என்று நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் இவர் உள்ளறைக்குப் போய்த் தன் கைபேசியிலிருந்து "அருமை" என்று போட்டார். யாரோ முன்பின் தெரியாதவர் மாதிரி, "பயனுள்ள தகவல், மிக்க நன்றி அம்மா" என்று கூடவே ஒன்று.

"அம்மாவா?"

"ரசிகன்னா அப்படித்தான் எழுதணும்."

மனுஷர் நல்ல மனுஷர்.

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் கைபேசி அடித்தது. திரையில் என் பழைய நம்பர்!

"ஏங்க, நீங்க நெஜமாவே டீச்சரா?"

"ஆமாங்க."

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? மூணு நாளா என்னை வேலை செய்ய விடமாட்றாங்க. லிப்ட் மேல நிக்கிறேன், ஒரு நர்ஸம்மா கூப்பிட்டு 'டீச்சருக்கு உடம்புக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரி'ன்னு கேக்குது. இல்லம்மா, இது லிப்ட்காரன் நம்பர்ங்கிறேன். நம்பாம அழுவுது. அப்புறம் ஒரு பெரியவர். நான் டீச்சர் இல்லீங்கன்னு சொல்றேன், 'நீங்க சொல்றது தவறு'ன்னு சண்டைக்கு வர்றாரு!"

எதிர்ப்பதம்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்றைக்கோ அறிமுகப் பக்கத்தில் போட்ட நம்பர், மாற்றவே இல்லை. யார் யாரோ குறித்துவைத்திருக்கிறார்கள். ஒரு வியாழன் பாடம் வரவில்லை, வலைப்பூவையே காணோம் என்றதும் தேடியிருக்கிறார்கள். என்னையா தேடினார்கள்?

"அவருக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அவரு என்கிட்ட பிறவினைன்னா என்னன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். 'அப்ப நீங்க டீச்சர் இல்லதான்'னு ஒத்துக்கிட்டாரு."

நான் நடந்ததைச் சொன்னேன். நீங்கு, நீக்கு எல்லாம். அவருக்குப் புரியவைக்கவும் ஓர் உதாரணம் சொன்னேன்: லிப்ட் இறங்குது, நீங்க லிப்ட இறக்குறீங்க.

"எங்க வேலையிலயும் இது உண்டுங்க. இறங்குச்சா, யாராவது இறக்குனாங்களான்னுதான் மொதல்ல கேப்போம். தானா இறங்குனா ரிப்பேரு. ஆள் இறக்குனா அது மாடிக்காரங்க சண்டை."

அதற்குள் ஒரு பெண்குரல் போனை வாங்கியது. வீட்டம்மா; சாப்பாட்டு நேரம், வீட்டில் இருக்கிறார்கள் போலிருக்கிறது. "இத்தனை பேர் சேர்ந்து ஒரு திருடியத் தேடமாட்டாங்க. நாளைக்குக் காலையில கூப்பிடுங்க. ஓடிபி வந்தவுடனே நான் படிக்கிறேன். இவரு எண்ணைத் தலைகீழாப் படிப்பாரு. மேல போகச் சொன்னா கீழ போற ஆளு."

மார்ச் 21, வெள்ளி

முதலில் நான் மனிதப்பிறவிதான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். ஒன்பது கட்டம், போக்குவரத்து விளக்கு உள்ளவற்றை எல்லாம் தொடு என்று. ஒரு கட்டத்தில் விளக்கு இல்லை, கம்பம் மட்டும். கம்பம் விளக்கில் சேர்த்தியா? விளக்கு முதலா சினையா? இப்படியே யோசித்துக்கொண்டிருந்ததில் நேரம் முடிந்து வேறு ஒன்பது கட்டம் வந்துவிட்டது. இந்தமுறை மிதிவண்டி. இவர் என் கையை விலக்கிவிட்டு நாலு தட்டுத் தட்டினார். நாங்கள் மனிதர்கள் என்று ஒத்துக்கொண்டது.

ஓடிபி போனது. வீட்டம்மா ஒவ்வோர் எண்ணாக நிறுத்திப் படித்தார். நான் திருப்பிச் சொன்னேன். இன்னொரு முறை படித்தார். என் வகுப்பில் இருந்திருந்தால் தலைவியாக்கியிருப்பேன்.

பொத்தானைத் தொடுமுன் கண்ணாடியைத் துடைத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இவரையும் உரக்கப் படிக்கச் சொன்னேன். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். "அமுக்கும்மா!" என்று பதில் வந்தது.

வந்துவிட்டது.

வந்திருக்கும் பாடங்களைப் பார்க்கக்கூட இல்லை. நேராகக் கீழே போனேன். நர்ஸின் 'வலி போயிடுச்சு'வும் இருக்கிறது, எதிர்ப்பதத்தின் 'ஆசிரியர்களின் கற்பனை'யும் இருக்கிறது.

மார்ச் 22, சனி

படங்கள் திரும்பவில்லை. இருந்த இடத்தில் எல்லாம் ஓர் உடைந்த சட்டம் நிற்கிறது. போகட்டும். பெரும்பாலும் நான் எடுத்த கோணல் படங்கள்.

பொத்தான்களை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்கிறாள் மகள். மாட்டேன் என்றேன். சேவைக்காரர்களுக்கு ஒரு கடிதம் போட்டேன்: "நீங்கு என்பதை வெளியே போ என்று மாற்றுங்கள், மரியாதை குறைந்தாலும் பரவாயில்லை." எங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறார்களாம்.

ஏப்ரல் 9, புதன்

போன வாரம் ஆகுபெயர் பாடம். ஒழுங்காக, உதாரணத்தோடு, வியாழக்கிழமை போட்டேன். இன்று போய்ப் பார்த்தால் அறுபதுக்குமேல் பின்னூட்டம். ஆகுபெயரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

லிப்ட்காரர் வந்திருக்கிறார். வந்தவர் சும்மா இல்லாமல், வீட்டம்மா படிக்கச் சொன்னதால் படித்ததாகவும், மூன்று மாடிக்குமேல் குடியிருப்பவர்கள் லிப்டில் போவதுதான் உடம்புக்கு நல்லது என்றும் எழுதியிருக்கிறார். எதிர்ப்பதம் விடுவாரா? படியேறுகிறவன்தான் மருந்துக்கடைக்கு வருவதில்லை என்று மறுத்திருக்கிறார். அதற்கு லிப்ட்காரர்: "அப்படியென்றால் ஐயா, உங்கள் பிழைப்புக்கு நீங்களே எதிரி." அதற்கு நர்ஸ்: "இரண்டு பேரும் வாருங்கள், முட்டி வலிக்காரர்கள் வரிசையை என் வார்டில் காட்டுகிறேன். பாதிப்பேர் படியில் விழுந்தவர்கள். பாதிப்பேர் லிப்ட் வரவில்லை என்று படியில் போய் விழுந்தவர்கள்." கீழே வீட்டம்மாவின் கணக்கிலிருந்து ஒரு வரி: "என் வீட்டுக்காரர் பழுதுபார்த்த லிப்ட் அது இல்லை."

"எல்லாரும் பாடத்துக்கு வாங்க" என்று எழுத ஆரம்பித்தேன். பாதியில் விரலை எடுத்துக்கொண்டேன். நான் இன்னும் ஒரு பின்னூட்டம்கூட இடவில்லை. அதற்குள் புதிதாக நாலு வந்து விழுந்துவிட்டன.

கணினியை மூடிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.