எட்டுப் பதில்கள், ஒரே மூச்சில்

மார்ச் 3, செவ்வாய்
நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். தினமும் நாலு வார்த்தை கோர்வையாகப் பேசிப் பழகினால் நேர்காணலில் நாக்கு குழறாதாம். லாரி உதிரிபாகக் கிடங்கில் எனக்கு இருபத்தெட்டு வருஷம். இப்போது கிடங்கை வாங்கியிருக்கிற புது முதலாளி, எங்கள் ஐந்து பேரையும் கேள்வி கேட்டு இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்வாராம். எனக்கு அறுபத்தெட்டு. வெளியே அனுப்பினால் வேறு எவன் எடுப்பான்?

மார்ச் 5
எட்டுக் கேள்வி, எட்டுப் பதில். மகள் எழுதி ஒருமுறை படித்துக் காட்டினாள், அப்படியே மனசில் பிடித்துக்கொண்டேன். குறை என்ன என்று கேட்டால், "அளவுக்கு மீறி உழைச்சுடுவேன்" என்று சொல்ல வேண்டுமாம்.
"எழுதப் படிக்கத் தெரியாதே, அது குறையில்லையா?"
"அதைப் போய் அங்க உளறிடாதீங்கப்பா!"

மார்ச் 8
சட்டை தேய்த்தாயிற்று. வேறொன்றுமில்லை.

மார்ச் 9
மானம் போயிற்று. கேள்வி கேட்டது ஒரு மேலாளர் அம்மா. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் எட்டுப் பதிலையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன்.
"நான் இன்னும் கேக்கவே இல்லையே, பெரியவரே!" என்று சிரித்தார். பிறகு ஒரு பட்டியலை நீட்டிப் படிக்கச் சொன்னார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன்; அங்கே எல்லாரிடமும் இத்தனை வருஷமாகச் சொல்லிவருவது அதுதான். அந்த அம்மா தன் கண்ணாடியையே கழற்றிக் கொடுத்துவிட்டார்! போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்தான் உட்காருவது?
"கண்ணாடி மேல குத்தமில்லைம்மா. எனக்கு எழுத்தே தெரியாது."
"அப்புறம் எப்படி சாமான் எடுத்துக் கொடுக்கறீங்க?"
"எது எங்க இருக்குன்னு தெரியும். கேளுங்க."
பட்டியலில் விரல் வைத்து வைத்துக் கேட்டார். சொன்னேன். ஏழாவது அலமாரி, கீழ்த்தட்டு, பிரேக் ஷூ பதினொன்று — அதில் ஒன்று துருப்பிடித்தது. ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பதினொன்று இருந்தது. துருவும் இருந்தது.
மகள் தலையில் அடித்துக்கொண்டே இதை எழுதுகிறாள்.

மார்ச் 12
எடுத்துக்கொண்டார்கள். நிரந்தரமாக அல்ல. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். எல்லாம் ஏற்றி முடிகிற வரைக்கும்தான் வேலை.

மார்ச் 20
மொத்தம் நாற்பது அலமாரி. இன்றோடு இரண்டு முடிந்திருக்கிறது.
"கொஞ்சம் வேகமா சொல்லுங்க தாத்தா" என்கிறாள் கம்ப்யூட்டர் பெண்.
"வயசாச்சேம்மா. ஞாபகம் வர நேரமாகுது" என்றேன்.