கெட்டி, காலி, ஆயிரத்து இருநூறு

நேற்று பெங்களூரில், மகன் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், யாரோ ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் உறையை விலக்கினார்கள். தோல் இருக்கையும் பெட்ரோலும் துருவும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி இருபத்தெட்டு வயதாகிவிட்டது. மருமகள் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அவளிடம் என்ன சொல்ல? நண்பா, நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. ஆனாலும் இதை உன்னிடம்தான் பேச வேண்டும்.

நம் ஊர்த் தங்கச் சுரங்கம் அரசாங்கத்தின் கைக்கு வந்தபின் துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிய காலம் அது. சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் இருந்த ஆங்கிலோ இந்திய ஃபோர்மேனும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். அவருடைய பச்சை நிற இரண்டு சீட்டு காரை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று, டைம் ஆபீஸ் குமாஸ்தாவான நான் பத்துப் பேருக்கு வருகையைத் தப்பாகப் போட்டேன். கையில் ஐந்து வருடச் சேமிப்பு ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் இருந்தது. என் கல்யாணத்துக்கென்று அம்மா நினைத்துக்கொண்டிருந்த பணம். ஏமாந்தால் காரும் இல்லை, கல்யாணமும் இல்லை.

அதனால்தான் உன்னை அழைத்துப் போனேன். உன் அண்ணன் லாரி மெக்கானிக். உனக்கும் வண்டி கொஞ்சம் தெரியும். வழியெல்லாம் பாடம் நடத்தினேன்: எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கு, நல்லது ஒன்றைக்கூட வாயில் விடாதே, தேறும் என்றால் இருமு. நீயும் சமர்த்தாகத் தலையாட்டினாய்.

அங்கே போனால் பெங்களூர் தரகர் ஒருவர் நமக்கு முன்பே வந்து நின்றார். நீ அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. எஞ்சின் மூடியைத் தொட்டு, நாம் வருமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பார்த்தாய். எண்ணெயை விரலில் தேய்த்து, சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் அதில் கலந்து நறநறக்கிறதா என்று சோதித்தாய். உதடு பிதுங்கியே இருந்தது. அடடா, என் நண்பன் என்று பூரித்துப்போனேன்.

அப்புறம்தான் பெயின்டுக்குக் கீழே பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க, ஒரு ஸ்பானரால் கதவைத் தட்டினாய். தட்டிய கையோடு, தொண்டை கிழிய, "கெட்டி!" என்றாய்.

எனக்கு உயிர் போயிற்று. நீ பத்து வருடமாகச் சுரங்கத்துக்குள் பாறைக்கு மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன். ஷிப்டு தொடங்குமுன் கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டி, கெட்டியா, உள்ளே காலியா என்று அடியில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி கூவுவது உன் வேலை. கை தட்டினால் வாய் கூவும். அதை நான் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை. பின்பக்கம், "கெட்டி!" மட்கார்டு, "கெட்டி!" நான் இருமினேன், உன் காலை மிதித்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஃபோர்மேன் முகம் மலர்ந்துகொண்டே போனது. தரகர் சட்டென்று ஆயிரத்து ஐந்நூறு என்றார். என் கார் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

நீ அடியில் படுத்தாய். டிரைவர் சீட்டின் கீழே இரண்டு தட்டு. "காலி!" அதே சத்தம், அதே தொண்டை. தரகர் உடனே தொள்ளாயிரத்துக்கு இறங்கினார்.

ஃபோர்மேன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, "இன்னா மேன், நீயே சொல்லு. எது நியாயம்?" என்றார். நீ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, வண்டி ஆயிரத்து முந்நூறு பெறும், துருப்பிடித்த தரைத்தகடு மாற்ற நூறு ரூபாய் ஆகும், மற்றதெல்லாம் பிழையில்லை, அதனால் ஆயிரத்து இருநூறு என்றாய். என் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நீ! ஓரமாக இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்தேன்.

"காரைத் தட்டித்தான்டா விலை சொன்னேன். உன் பாக்கெட்டைத் தட்டியா சொன்னேன்?" என்றாய்.

ஃபோர்மேனிடம் ஒரு மணி நேரம் தவணை கேட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ராபர்ட்சன்பேட்டை சேட்டுக் கடையில் கைக்கடிகாரத்தை அடகு வைத்து ஐம்பது ரூபாய் வாங்கித் திரும்புவதற்குள் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மணி பார்க்கக்கூடக் கையில் கடிகாரம் இல்லை. வந்து பார்த்தால் தரகர் ஆயிரத்து முந்நூறைக் கையில் விரித்துக்கொண்டு நிற்கிறார். எல்லாம் முடிந்தது என்று சைக்கிளைக் கீழே போட்டேன்.

ஃபோர்மேன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாறையைத் தட்டினவன் சொல்லிட்டான். அதுக்கு மேல பேச்சு கெடயாது. முப்பது வருசம் அப்படித்தான் உயிரோட வெளிய வந்தேன்" என்று சாவியை என் கையில் வைத்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே, காரின் துணிக்கூரையை மடக்கிவிட்டு, பூதிகோட்டை சாலையில் பறந்தோம். தரைத்தகட்டு ஓட்டை வழியாகச் செம்மண் எகிறி என் வேட்டியெல்லாம் சிவந்தது. நீ தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்தே வந்தாய். இன்னும் அந்தத் தரகரை நினைத்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டேன்.

"மேல தட்டிப் பாக்க ஒண்ணுமே இல்லடா," என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய்.

பத்து வருடம் ஒவ்வொரு நாளும் உன் தலைக்கு மேல் என்ன இருந்தது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. நீ நிறுத்தாமல் சிரித்தாய். நான் வண்டியைத் திருப்பவே இல்லை. இருட்டும்வரை ஓட்டினேன்.