அப்பாவுக்குத் திறக்காத கேட்

என் பிரியமான அண்ணா,

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

எதிர்காலத்தில் நடப்பதாக ஒரு சிறுகதை எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? அக்கம்பக்கத்தார் நாலு பேர் போனில் புகார் தட்டினால் போதும், அந்த ஆளுக்குக் குடியிருப்பின் கேட் திறக்காது. "உனக்குக் கற்பனை கொஞ்சம் ஓவர்" என்று நான்கூடச் சிரித்தேன். இப்போது நம் காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் அதே மாதிரி ஒரு செயலி வந்துவிட்டது. முதலில் மாட்டியது நம் அப்பா.

அவரைத்தான் உனக்குத் தெரியுமே. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலேயே காலத்தை ஓட்டிய மனுஷன். அங்கே குக்கர் விசில் கேட்டால் எந்த வீட்டுக்குள்ளும் போய், "இன்னாம்மா, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்கலாம்; ஒரு கிண்ணம் கைக்கு வந்துவிடும். இங்கேயும் திறந்திருந்த கதவுகளுக்குள் அப்படியே போயிருக்கிறார். எல்லோரும் சிரித்த முகமாக வழியனுப்பினார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு புகார் தட்டினார்கள்.

போன வாரம் தயிர் வாங்கப் போனவர், திரும்பி வந்து வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றார். நான் ஓடினேன். செக்யூரிட்டி கையைப் பிசைந்தார். "மேடம், பெரியவரு மேல கம்ப்ளைண்ட் கீதாம். அவரு பேரு ஆப்ல செவப்பா காட்டுது. நான் இன்னா பண்றது?"

"நான் இந்த ஊட்டு ஆளுதாம்பா" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தாளி என்று பதிந்துதான் அவரை உள்ளே கூட்டி வந்தேன்.

உன் கதை இயந்திரத்தைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். இல்லை, முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லத் துணியாத நம்மைப் பற்றியது. "மாமா, இப்படி வராதீங்க" என்று யாராவது சொல்லியிருந்தால், கோபித்துக்கொண்டாவது போவதை நிறுத்தியிருப்பார். உனக்கு எப்படி அண்ணா முன்பே தெரிந்தது?

நேற்று நம் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்துதான் இருந்தது.

"உள்ள வர்லாமாம்மா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். வாயைத் திறந்தால் என் பெயரும் சிவப்பாகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். புகார் தட்டியவர்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகும் கேட் திறக்காவிட்டால், வெளியே அவர் தனியாக நிற்க மாட்டார். இது சத்தியம்.

உன் தங்கை,
செல்வி