நீங்கள் முழுங்காத பீர்

நேற்று மத்தியானம் நம் சின்னவன் என்னை வெளியில் சாப்பிடக் கூட்டிப்போனான். அவனுடைய சிநேகிதர் மகன் ஒருவன் பெங்களூர் ரோட்டில் புதிதாக ஓட்டல் திறந்திருக்கிறான். உள்ளே கால் வைத்ததும் ஒரு வாசனை வந்தது. வறுத்த ராகியும் பார்லியும் வெந்நீரில் ஊறும்போது எழும் வாசனை. வேறு எதிலிருந்தும் அது வராது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரச் செம்புப் பானைகள் நின்றன. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிறார்களாம். கோடையில் மாம்பழ பீர், மழைக்காலத்தில் இஞ்சி பீர், டிசம்பருக்கு மட்டும் கறுப்பு ராகி பீர் என்று அந்தப் பையன் ஒவ்வொன்றாகச் சொன்னான். "இந்த வட்டாரத்துலயே ராகியில பீர் போடறது நான்தான் ஃபர்ஸ்ட்டு, பாட்டி" என்றான். சின்னவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பிடியா, நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி ஆரம்பித்தால் லேசில் முடியாது. சாப்பாடு வேறு ஆறிக்கொண்டிருந்தது.

அங்கே சொல்லாததை இங்கே உங்களுக்கே எழுதுகிறேன். பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மீதிப் பாதியை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

உங்கள் கம்பெனியை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது. கம்பெனி என்றால் பெரிய புகைபோக்கியும் சங்குச் சத்தமும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அத்திப்பள்ளி தாண்டி ஒரு புளியந்தோப்புக்குப் பின்னால் ஓடு வேய்ந்த இரண்டு கொட்டகை, ஒரு கிணறு, வரிசையாகப் பீப்பாய்கள், அவ்வளவுதான். முதலாளி ஒரு வெள்ளைக்காரத் துரை, தாடி வைத்த கிழவர். தொழிலாளிகளிடம் கன்னடத்தில்தான் பேசுவார். கண்டோன்மென்ட் கிளப்புகளுக்கும் நாலைந்து ஓட்டல்களுக்கும் மட்டும் சரக்கு போகும். வெயில் காலத்துக்கு வெளிறிய பீர், மழைக்கு இஞ்சி தட்டிப் போட்டது, கிறிஸ்துமஸுக்கு ராகி வறுத்துப் போட்ட கறுப்பு பீர் என்று பருவத்துக்கு ஒன்றாகக் காய்ச்சுவார். அந்தக் கறுப்பு பீரை ஐப்பசியில் காய்ச்சிப் பீப்பாயில் அடைத்தால் மார்கழியில்தான் பாட்டிலுக்கு வரும். அதற்குள் எந்தப் பீப்பாய் புளிக்கிறது, எது தேறும் என்று நாக்கில் வைத்துச் சொல்ல வேண்டும். அந்த நாக்கு உங்களுடையது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கம்பெனி மைசூர் ராஜ்யத்தில், உங்கள் வீடு மதுவிலக்கு இருந்த மதராஸ் ராஜ்யத்தில். அந்தப் பக்கம் குடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதே வாயோடு எல்லையில் போலீஸ் சோதிக்கும் ஜூஜூவாடி கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ஜெயில். அதனால் நீங்கள் வாயில் வைப்பீர்கள், சுழற்றுவீர்கள், வாளியில் துப்புவீர்கள். அதுவும் காலையிலேயே முடித்துவிடுவீர்கள். சாயங்காலம் சைக்கிளில் கேட்டுக்கு வரும்போது வாயில் வாசனை போயிருக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் சோடா கம்பெனியில் வேலை செய்கிறவர் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படிச் சொல்லி வைத்தவர் உங்கள் தாய்மாமன். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பெண் வீடு இருப்பதோ தொரப்பள்ளிப் பக்கம். மதுவிலக்கைக் கொண்டுவந்தவரே அந்த ஊரில் பிறந்தவர், அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மதுவிலக்கு என்றால் சொந்த வீட்டுக் காரியம் மாதிரி. போதாக்குறைக்கு என் அப்பா, எங்கள் நைனா, ஊர் மதுவிலக்குக் கமிட்டியில் மெம்பர். தன் கூடப்பிறந்த அண்ணனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். யார் வீட்டுக்கு வந்தாலும் கிட்டப் போய் நின்று மூச்சை மோந்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். என் தோழிகளுக்கெல்லாம் அதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு.

அன்றைக்குப் பார்த்து கம்பெனியில் கறுப்பு பீர்ப் பீப்பாய்களைச் சோதிக்கும் நாள். பீப்பாய்களைப் பார்த்துவிட்டு அப்படியே நேராக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கூடத்தில் பாயைப் போட்டு எங்கள் பக்கத்துப் போளியான ஒப்பட்டும் காப்பியும் வைத்தோம். நான் உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"சோடா யாவாரமெல்லாம் எப்பிடிப் போவுது தம்பி?" என்று நைனா ஆரம்பித்தார்.

"சோடாவா? எங்க கம்பெனியில பீருங்க" என்றீர்கள்.

உங்கள் தாய்மாமனுக்குக் காப்பி புரையேறிவிட்டது. நைனா எழுந்து உங்கள் முன்னால் வந்து நின்றார். "எங்கே, ஊதுங்க."

"ஊதறேங்க. வாசனை வரும். காலையில எல்லாப் பீப்பாயும் வாயில வச்சுத் துப்பிட்டுத்தான் வரேன். அதான் எனக்கு வேலை. முழுங்கறது இல்லீங்க." சொல்லிவிட்டு ஊதவும் ஊதினீர்கள்.

நைனா முகம் எப்படி மாறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பார்த்தீர்கள். "எந்திரிங்க எல்லாரும். எம் பொண்ணப் பாழுங்கெணத்துல தள்ளினாலும் தள்ளுவேன், இந்த வூட்டுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். உங்கள் அம்மா பாவம், கடித்த ஒப்பட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. அழகென்று சொல்ல மாட்டேன், அப்போது உங்களுக்கு எலும்பும் காதும்தான் இருந்தன. என் பெரியப்பா குடித்துவிட்டு வரும் அழகை நான் எத்தனையோ நாள் பார்த்தவள். வாய் கொள்ளாத வெற்றிலை இல்லாமல் அவர் வீட்டுக்கு வந்ததே கிடையாது. கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சை இலை என்று என்னென்னவோ மென்று துப்பிவிட்டு வருவார். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். கல்யாணமாகாத பெண் ஆண்கள் நடுவில் வந்து பேசுவது அந்த நாளில் நடக்காத காரியம். ஆனாலும் வந்தேன்.

"நைனா, பெரியப்பா என்னிக்காவது வெறும் வாயோட வந்து நின்னாரா? இவரு நின்னுக்கினு இருக்காரே. ஒளிக்கணும்னா வெத்தலயாச்சும் போட்டுக்கினு வந்திருக்க மாட்டாரா?"

"வெத்தல போட்டா நாக்கு செத்துடுங்க. பீப்பா பாக்க முடியாது" என்று குறுக்கே நீங்கள் வேறு. நான் உங்களுக்குப் பரிந்து பேசுவதை நீங்களே கெடுக்கிறீர்கள் என்றுகூட உங்களுக்குத் தெரியவில்லை.

நான் உங்களையே நேராகக் கேட்டேன். "எப்பவும் துப்பிடுவீங்களா?"

"நீங்களா முழுங்குன்னு சொல்ற வரைக்கும் துப்பிடுவேன்."

அங்கிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எந்தப் பெண்டாட்டி புருஷனிடம் போய் முழுங்கு என்று சொல்வாள்? நைனா சிரிக்கவில்லை. ஆனால் உங்கள் அம்மாவைப் பார்த்து, "உக்காருங்கம்மா, ஒப்பட்டு சாப்புடுங்க" என்றார்.

கல்யாணத்தில் நீங்கள் தாம்பூலம் போடாததற்கு என் சித்திமார்கள் செய்த கேலி கொஞ்சமா நஞ்சமா! மாப்பிள்ளைக்குப் பல் இல்லை என்றே ஒருத்தி கிளப்பிவிட்டாள். ஓசூரில் குடித்தனம் வைத்தோம். ஐப்பசி பிறந்தால் நம் சமையலில் மிளகாய் நின்றுவிடும், பூண்டு நின்றுவிடும். பொங்கலுக்குத்தான் திரும்பி வரும். பிள்ளைகள் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளிக்கும். நீங்கள் போய் இத்தனை காலம் ஆன பிறகும் மார்கழிக் குழம்பில் எனக்கு மிளகாய் கிள்ளிப் போடக் கை வருவதில்லை. மருமகள் போட்டுக்கொள்கிறாள்.

பிறகு துரை ஊருக்குத் திரும்பப்போகிறார் என்று பேச்சு வந்தது. நீங்கள் அதை வீட்டில் சொன்னபோது ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னீர்கள். விஷயத்தை எனக்கு உடைத்தவன் நரசப்பா. உங்கள் கூட வேலை செய்தவன், நம் மாட்டுக்குப் பார்லிச் சக்கை கொண்டுவந்து போடுவானே, அவன்தான். சக்கையைத் தொட்டியில் கொட்டிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"கம்பெனியப் பெங்களூர் சேட்டு வாங்கறாரு அக்கா. காய்ச்சற பொறுப்ப அண்ணனுக்குத்தான் குடுக்கணும்னு தொரை ஒத்தக் கால்ல நிக்கறாரு. அண்ணன்தான் வேணாம்னுட்டாரு."

"இன்னாத்துக்கு வேணாம்?"

"முழுங்கினாத்தான் கசப்பு எவ்ளோன்னு தெரியுமாம். பரி நாலிகெ சாலது, வெறும் நாக்கு போதாதுன்னு தொரை சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. இவ்ளோ நாளு கறுப்பு பீர அவருதான் கடைசியா முழுங்கிப் பாத்துச் சரி பண்ணுவாரு. அவரும் போய்ட்டா? பம்பாய்லருந்து ஒருத்தன் வரப்போறானாம். ராகி, இஞ்சி எதுவும் கெடயாது, வருஷம் பூரா ஒரே பீருன்னு இப்பவே சொல்லியனுப்பிட்டானாம்."

அன்று சாப்பிடும்போது, கம்பெனியில் என்ன விசேஷம் என்று கேட்டேன். "பம்பாய்க்காரரு ஒருத்தர் வராரு. நல்ல மனுஷன்னு கேள்வி" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு மோர்ச் சட்டியை அப்படியே உங்கள் தலையில் கவிழ்த்திருப்பேன். ஒரு வார்த்தை, உன்னிடம் சொன்ன சொல்லுக்காகத்தான் என்று ஒரே ஒரு வார்த்தை, அதைக்கூடவா சொல்லக்கூடாது?

மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனதும் தொரப்பள்ளிக்குப் போனேன். உங்களிடம் சொல்லாமல் போனேன். நைனா களத்தில் ராகி தூற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அவன் யாருக்கு வாக்குக் குடுத்தான்?"

"அன்னிக்கு உங்க முன்னாலதானே..."

"என் முன்னால குடுத்தான். எனக்கா குடுத்தான்? நீ கேட்டே, அவன் சொன்னான். என்னை இன்னாத்துக்குக் கேக்கறே?" கொஞ்சம் தூற்றினார். பிறகு, "முழுங்கினா தெனம் கேட்டத் தாண்டி வர முடியாது. அந்தப் பக்கமே குடித்தனம் போவணும். பீரு காய்ச்சற எடத்துல நான் கால் வெக்க மாட்டேன். செத்தாலும் வெக்க மாட்டேன். அதையும் யோசிச்சுக்கோ" என்றார்.

யோசித்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். நைனா வராத வீடு ஒரு பக்கம். வாயைத் திறக்காமல் பம்பாய்க்காரனுக்குக் கீழே வருஷம் பூரா ஒரே பீரை நாக்கில் வைத்துத் துப்பிக்கொண்டிருக்கப் போகும் நீங்கள் ஒரு பக்கம். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. சாயங்காலம் நீங்கள் சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போதே சொல்லிவிட்டேன்.

"முழுங்குங்க."

நீங்கள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றீர்கள். "உங்க நைனா?"

"அவரு வர மாட்டாரு. நாம போய்ப் பாத்துக்கலாம்."

அத்திப்பள்ளிக்கு மாறினோம். நைனா சொன்னது சொன்னபடி கடைசி வரை அந்தப் பக்கம் வரவில்லை. என் மூன்றாவது பிரசவத்துக்குக்கூட வரவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். லீவு நாட்களில் நீங்கள்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். போனதும் அவர் கேட்காமலே வாசலில் நின்று அவர் முகத்துக்கு நேராக ஊதிவிட்டுத்தான் உள்ளே போவீர்கள். அவரும் மூக்கை நீட்டி மோந்துகொள்வார். இரண்டு பேருக்கும் அதில் கொஞ்சமும் சிரிப்பு வந்ததில்லை.

சொல்லாதது என்றேனே, அது இனிமேல்தான். நீங்கள் முதன்முதலாக முழுங்கிய நாள். கம்பெனிக்குள்ளேயே இருந்த வீடு, அதனால் மத்தியானமே வந்துவிட்டீர்கள். படியில் உட்கார்ந்தீர்கள். ஆள் ஆடுகிறீர்களா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். ஆடவில்லை.

"எப்பிடி இருந்திச்சு?" என்றேன்.

"கடைசியில தொண்டையில வந்து ஒரு கசப்பு நிக்குது. இத்தன வருஷமா அப்பிடி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றீர்கள். "அடுத்த தடவ கசப்புக்காகப் பீர்ல போடற பூவக் கொஞ்சம் கொறச்சிடணும்." பிறகு எழுந்து கால் கழுவப் போய்விட்டீர்கள்.

நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. உங்கள் வேலையில் பாதியை நீங்கள் அறியாமலே இருந்திருக்கிறீர்கள், நான் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து கேட்ட ஒரு கேள்விக்காக. குறைப்பட்டுக்கொள்ளவில்லை, குத்திக்காட்டவில்லை, எனக்குத் தெரியக்கூட விடவில்லை. நான் 'முழுங்குங்க' என்று சொல்லாமலே இருந்திருந்தால் அந்தக் கசப்பு தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்திருப்பீர்கள். அதுதான் என்னை அழவைத்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிள்ளைகளிடமோ மருமகளிடமோ 'இனிமேல் இதைச் செய்யாதே' என்று சொல்ல வாயெடுப்பேன். நான் சொல்வதை இவர்கள் நிஜமாகவே காப்பாற்றிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம் வரும். பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகிறேன்.